இரண்டு வினாடிப் பட்டைநரி

இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிற அந்த மனிதரைப் பணிமனையில் எல்லோரும் ‘சரியாத்தெரியல’ என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் கடிகாரம் கட்டியிருப்பார், மணி என்ன என்று கேட்டால், “அஞ்சு நாப்பதோ நாப்பத்தொண்ணோ, சரியாத் தெரியல” என்பார். மழை வருமா, டீசல் போதுமா, புது மேலாளர் எப்படி, எதற்கும் அதே பதில்தான். தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று சின்ன வயதில் யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும். “இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்கா?” என்று மனைவி ஒருமுறை ஆசையாகக் கேட்டதற்கும் அதையே சொல்லிவிட்டு, இரண்டு நாள் தானே சமைத்துத் தானே சாப்பிட்டார்.

பதினாலு வருடமாக அவருக்கு நடத்துநராக வாய்த்த ஆள் நேர் எதிர். ரேடியோ என்று பெயர் வைத்தது யாரோ, மகராசன், சரியாகத்தான் வைத்திருக்கிறான். வானொலிக்காவது அணைக்க ஒரு பொத்தான் உண்டு. நாலு நிறுத்தம் தாண்டுவதற்குள் முன்சீட்டுக்காரரின் சம்பந்தி சண்டையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைப் பின்சீட்டுக்காரருக்குச் சொல்லியும் முடித்திருப்பார். ஒருத்தர் பேச ஒருத்தர் ஓட்ட, வண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பட்டைநரி வந்து குறுக்கே விழாதவரைக்கும்.

பட்டைநரி என்றால் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறதே, அதுதான். நாயா நரியா என்று சொல்ல முடியாத முகம், முதுகின் பின்பாதியில் மட்டும் குறுக்கே கறுப்புப் பட்டைகள். கடைசியாக இருந்த ஒன்று எழுபது வருடத்துக்கு முன்னால் ஒரு கூண்டில் செத்தது. அதோடு இனமே அழிந்தது என்று விஞ்ஞானிகள் எழுதி மூடிவிட்டார்கள். அது கூண்டுக்குள் இருந்தபோது எடுத்த ஒரு குட்டிப் படம் மட்டும் மிச்சம். அதில் நின்று, திரும்பி, நம்மைப் பார்த்து, தாடை கழன்று விழுகிற அளவுக்கு வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விடும். அந்தக் கொட்டாவியைப் பார்க்காத குழந்தை கிடையாது.

ஒருநாள் விடியற்காலை முதல் வண்டி. மலைப்பாதையில் ஒன்பதாவது வளைவு, அதைத் தாண்டினால் சின்னப் பாலம். பயணிகள் யாரும் ஏறவில்லை. வளைவில் திரும்பியதும் ஓட்டுநர் சடாரென்று பிரேக்கை மிதித்தார். முன்சீட்டிலிருந்த ரேடியோ, “என்னண்ணே, என்னாச்சு?” என்று கத்தினார். ஓட்டுநர் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு இறங்கிப் போய் பாலத்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், “இன்னைக்கு ரோட்டுல ஒண்ணு போச்சு, பட்டைநரியா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்” என்றார். “ஏதாவது சொறிநாயா இருக்கும், வந்து சாப்பிடுங்க” என்றாள் அவள். விஷயம் அத்தோடு முடிந்தது. இரண்டு வருடம் அதை அவர் யாரிடமும் பேசவில்லை. ஆனால் ஒன்பதாவது வளைவு வரும்போதெல்லாம் வேகம் தானாகக் குறையும். அவருக்கே அவருக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த இரண்டு வினாடிதான்.

அப்புறம் டிவிக்காரர்கள் வந்தார்கள்.

‘இன்னும் இருக்கிறது!’ என்று ஒரு நிகழ்ச்சி. ஒரு தொப்பிக்காரர் அழிந்துபோன மிருகங்களைக் காடு காடாகத் தேடுவார். நாலு வருடத்தில் பதினொரு மிருகத்தைத் தேடியாயிற்று. ஒன்றின் வாலைக்கூடக் கண்டதில்லை. ஆனால் ஒரு தடவையாவது ‘இல்லை’ என்று சொல்லி முடித்தாரா என்றால் அதுவும் இல்லை. விளம்பரத்துக்கு முன்னால் புதர் அசையும், தொப்பிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு “அது என்ன?” என்பார். விளம்பரம் முடிந்து வந்தால் முயல். அடுத்த வாரமும் ஜனங்கள் சோற்றுத் தட்டோடு அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். நெருப்பில்லாமல் புகையாது, இத்தனை பேர் பார்த்தேன் என்கிறார்களே, இத்தனை பேருமா பொய் சொல்வார்கள், இதுதான் தொப்பிக்காரரின் விஞ்ஞானம் மொத்தமும்.

அந்தப் ‘பார்த்த’ ஆட்களைச் சேகரிக்க முதலில் ஒரு பெண் வந்தாள். கையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி. பணிமனையில் ரேடியோதான் அவளைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து, “எங்க அண்ணன் பாத்திருக்காரும்மா!” என்றார். அதுவரைக்கும் நல்ல மனசு. ஓட்டுநர் நாலே நிமிடம் பேசினார். நடுவில் எத்தனை ‘சரியாத் தெரியல’ வந்தது என்று எண்ண ஒரு தனி ஆள் வேண்டும். அந்தப் பெண் முகத்தில் சிரிப்பு வாடிக்கொண்டே போனது. “தேங்க்ஸ் அங்கிள், கூப்பிடுறோம்” என்றாள். “நீங்களும் அந்த வண்டியிலதானே இருந்தீங்க?” என்று ரேடியோ பக்கம் திரும்பினாள்.

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. ரேடியோ ஐம்பது நிமிடம் பேசினார்.

நிகழ்ச்சி வந்த அன்று ஓட்டுநரின் வீட்டில் மனைவி, மகள், மனைவியின் அக்கா, அவள் புருஷனான சகலை, எல்லோரும் கூடியிருந்தார்கள். திரையில் இஸ்திரி போட்ட சீருடையில் ரேடியோ. கூடவே சோக இசை. “அப்படியே நடு ரோட்டுல நிக்குதுங்க. திரும்பிச்சு. என்னை நேருக்கு நேரா பாத்துச்சு. வாயைப் பொளந்துச்சு பாருங்க, எனக்கு உசுரே போயிடுச்சு!” தொப்பிக்காரர் கேட்டார்: “அப்போ உங்க ஓட்டுநர்?” ரேடியோ லேசாகச் சிரித்தார். “பாவம், எங்க அண்ணன் பயந்த சுபாவம். கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு.”

சகலை தொடையைத் தட்டிச் சிரித்தார். “என்ன சகலை, கண்ணை மூடிக்கிட்டா வண்டி ஓட்டுறீங்க? நான் பஸ்ஸே ஏறமாட்டேன் சாமி!” மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

வயிற்றெரிச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் மோர் குடித்தும் அடங்கவில்லை. மறுநாள் முதல் வண்டியிலேயே ஆட்கள் கைபேசியோடு ஏறினார்கள். “சார், கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சுக்கோங்க, நடத்துநரோட ஒரு படம் எடுத்துக்கிறோம்” என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவரிடமே சொன்னார்கள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரேடியோ இறங்கி நின்று விளக்கம் கொடுத்தார். என் வளைவு, என் பாலம், என் நரி, என்று ஓட்டுநருக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. பணிமனைச் சுவரில் ரேடியோவின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதற்குக் கீழே நின்றுதான் ஓட்டுநர் தினமும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டும் விட்டார். “ஏம்ப்பா, நான் கண்ணை மூடினேனா?”

“சும்மா ஒரு சுவாரசியத்துக்குண்ணே. தப்பா எடுத்துக்கிட்டீங்களா?”

“நீ பாத்தியா அதை?”

“அண்ணே, நீங்க சொன்னதும் நான் பாத்ததும் ஒண்ணுதானே. ஒரே வண்டிதானே!” என்று விசிலை ஊதிவிட்டார் ரேடியோ. அந்த மனிதரை என்ன செய்வது?

வீட்டில் மனைவி ஆறுதல் சொல்கிறேன் என்று வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாள். “நீங்களும் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவரு பாருங்க, எப்படி இருந்தவரு எப்படி ஆயிட்டாரு. நீங்க கண்ணுல பாத்ததையே சந்தேகமா சொன்னா, எவன் கேப்பான்?”

அது நியாயம்தானே என்று அவருக்குப் பட்டது. அங்கேதான் மனிதர் சறுக்கினார்.

முதல் நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டதால் டிவிக்காரர்கள் இரண்டாம் பாகம் எடுக்கத் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை ஓட்டுநரே அந்தப் பெண்ணைத் தேடிப் போனார். “எனக்கு இன்னும் சில விஷயம் ஞாபகம் வந்திருக்கும்மா” என்றார். ஞாபகம் எங்கே வந்தது? பத்து நாளாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தயாரித்தது அது. கண், காது, மூக்கு எல்லாம் வைத்து ஒரு முழு மிருகத்தைச் செய்து வைத்திருந்தார். அது நடு ரோட்டில் நின்றது. ரேடியோவைப் பார்க்கவே இல்லை, தன்னைத்தான் பார்த்தது. பட்டை பதிமூன்று, தானே எண்ணினாராம். வாயைப் பிளந்தது, உள்ளே நாக்குகூடத் தெரிந்தது. “சரியாத் தெரியல” என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. தொப்பிக்காரர் அவர் தோளில் கை போட்டு, “இந்தக் கண்கள் பொய் சொல்லாது” என்று கேமராவிடம் சொன்னார்.

நிகழ்ச்சி வந்தபோது ஓட்டுநர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அவருக்கு நாற்பது வினாடி, ரேடியோவுக்கு இருபத்திரண்டு. சகலை போன் செய்து, “சிங்கம் சகலை நீங்க!” என்றார். மகள் அதைத் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். ரேடியோ மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள், நரிக்குப் பின்னால் ஒரு குட்டியும் போனதாகப் பயணிகளிடம் சொல்ல ஆரம்பித்தார். விடுவாரா இவர்? குட்டி இரண்டு என்றார். அப்புறம் போட்டிதான். எட்டு மாதம், நாளுக்கு ஆறு நடை, நடைக்கு ஒரு கதை. பேருந்து நிரம்பி வழிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோவை ஜெயித்துவிட்டோம் என்று ஓட்டுநருக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

பிறகு ஒரு பகல் வேளையில் பணிமனை ஓய்வறைக்கு அந்த அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். தேய்ந்த செருப்பு, தோளில் ஒரு பை. விலங்குகளை ஆராயும் நிறுவனத்திலிருந்து வருவதாகச் சொன்னார். ஓட்டுநர் உடனே காலரைச் சரிசெய்துகொண்டார். பெஞ்சில் படுத்திருந்த ரேடியோவும் எழுந்து உட்கார்ந்தார்.

“ஐயா, டிவி கம்பெனி கிட்ட கேட்டு, ஜனங்க பேசின முழு ஒலிப்பதிவையும் வாங்கினோம்” என்றார் ஆய்வாளர் அம்மா. “அறுபத்தி மூணு பேர். எல்லாரும் அந்தப் பழைய படத்துல வர்றதையே சொல்றாங்க. நின்னுச்சு, திரும்பிச்சு, கொட்டாவி விட்டுச்சு. அது எங்களுக்கு உதவாது. ஒரே ஒரு பதிவுதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உங்களோட முதல் பதிவு. நாலு நிமிஷம்.”

பையிலிருந்து கைபேசியை எடுத்து ஓடவிட்டார். இரைச்சலுக்கு நடுவே ஒரு தயங்கின குரல் வந்தது.

“…ரெண்டு வினாடி இருக்கும்மா. சரியாத் தெரியல. முன்பக்கம் நான் பாக்கல, அது ஏற்கெனவே புதருக்குள்ள போயிடுச்சு. பின்பாதிதான். கோடு இருந்த மாதிரி இருந்துச்சு, ஆனா வெளிச்சம் பத்தல, நிழலாக்கூட இருக்கலாம். ஓடல, நடந்துச்சு. வாலு ஆடவே இல்லம்மா, கம்பை ஒட்டவச்ச மாதிரி. பின்னங்கால் விறைப்பா… எங்க மாமனாருக்கு இடுப்பு வலி வந்தப்ப நடப்பாரே, அப்படி. நாயா இருந்தா அப்படி நடக்குமா? எனக்குச் சரியாத் தெரியல…”

ஆய்வாளர் அம்மா நிறுத்தினார். “அந்தக் கடைசி மிருகத்தைக் கூண்டுல பாத்துக்கிட்ட காவலாளி ஒரு நாட்குறிப்பு எழுதியிருக்கார். அச்சுல வரல, எங்க அலமாரியிலதான் இருக்கு. அதுல எழுதியிருக்கார், இது இடுப்பு வலிக்காரன் மாதிரி நடக்குதுன்னு. அந்தப் படத்துல அது நடக்கவே நடக்காது. உங்களுக்கு அது தெரிய வழியே இல்ல, ஐயா.”

ஓட்டுநருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பார்த்திருக்கிறோம்! இரண்டு வினாடி, எழுபது வருடத்தில் வேறு யாரும் பார்க்காததைப் பார்த்திருக்கிறோம்!

“எங்க கிட்ட தானியங்கி கேமரா பன்னிரண்டுதான் இருக்கு” என்று ஆய்வாளர் அம்மா தொடர்ந்தார். “ஒரே ஒரு இடத்துலதான் ஒரு வருஷம் வைக்க முடியும். உங்க பாலத்துல வைக்கணும்னு நான் நினைச்சேன். அப்புறம்தான் ரெண்டாவது நிகழ்ச்சியைப் பாத்தேன்.” பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்துத் திறந்தார். “பதிமூணு பட்டை எண்ணினீங்களா ஐயா?”

ஓட்டுநர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ தரையைப் பார்த்தார். எட்டு மாதம் கட்டின கோட்டை. சகலை, மகள், பயணிகள், எல்லோர் முகமும் கண்முன் வந்து போயின.

“பொய்யிம்மா” என்றார். “அத்தனையும் பொய். பொறாமையில சொன்னேன். இதோ இருக்கானே, இவன் மேல பொறாமை. பாத்தவன் நான், பேர் வாங்கினது இவன். வயிறு எரிஞ்சு போய் இட்டுக்கட்டிச் சொன்னேன். முதல்ல சொன்னதுதான் சத்தியம். நீங்க கேமராவை வைங்க.”

நாக்கு அழுகவில்லை. மனசு லேசானது போலக்கூட இருந்தது.

ஆய்வாளர் அம்மா முகத்தில் இரக்கம் தெரிந்தது. “சொன்னதுக்கு நன்றி ஐயா. அப்படின்னா ஒண்ணு செய்வோம். பதிவை மறந்துடுங்க. அந்த விடியக்காலையை மட்டும் நினைச்சுப் பாத்து, இப்போ சொல்லுங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் போச்சு?”

ஓட்டுநர் கண்ணை மூடினார். வளைவு வந்தது. பாலம் வந்தது. அதோ, நடு ரோட்டில் நின்றது. திரும்பியது. வாயைப் பிளந்தது. சே, இது இல்லை என்று தலையை உதறிவிட்டு மறுபடியும் வளைவிலிருந்து வந்தார். மறுபடியும் அது நின்றது, திரும்பியது, பிளந்தது. நாக்குகூடத் தெரிந்தது. பின்னால் இரண்டு குட்டி. நடக்க மாட்டேன் என்றது. வாலை ஒட்டவைத்துப் பார்த்தார், ஆடியது. மாமனாரை நினைத்தார், மாமனார்தான் வந்தார்.

“இடது பக்கத்துலேர்ந்து… இல்ல, வலது…” என்றார். “ஒரு நிமிஷம்மா. இருந்துச்சு. இங்கதான் இருந்துச்சு.” உள்ளங்கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. கால் மணி நேரம் போல உட்கார்ந்திருந்தார். பிறகு குறிப்பேட்டை மூடினார். “வருத்தப்படாதீங்க. எல்லாருக்கும் அப்படித்தான், திரும்பத் திரும்பச் சொன்னா, சொன்னதுதான் நிக்கும். முதல் பதிவை மட்டும் வச்சு நான் கேட்டுப் பாப்பேன். ஆனா குழுவுல முதல் கேள்வியே, இவருதானே டிவியில நாக்கைப் பாத்தவருன்னு வரும். சிரிப்பாங்க. கேமராவை மலைக்கு அந்தப் பக்கம்தான் வைக்க வேண்டி வரும். அங்க டிவி போகல.” வாசல்வரை போனவர் திரும்பி, “அந்தப் பதிவு ரொம்ப நல்ல பதிவு ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேடியோ எழுந்து ஓட்டுநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதினாலு வருடத்தில் இல்லாத சின்னக் குரலில் பேசினார்.

“அண்ணே, உண்மையைச் சொல்லிடறேன். அன்னைக்கு நான் ஒண்ணுமே பாக்கல. விழுந்த பேனாவைக் குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தேன். நீங்க பிரேக் போட்டதும் நிமிந்தேன், ரோடு காலியா இருந்துச்சு. என்னாச்சுன்னு கேட்டேன். நீங்க சொன்னீங்க. அவ்வளவுதான்.”

ஓட்டுநர் விருட்டென்று திரும்பி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. கண்ணில் ஒரு வெறி. “சொன்னேன்ல? அந்த நொடியே சொன்னேன்ல? உன் கிட்ட மட்டும்தானே சொன்னேன். என்ன சொன்னேன்ப்பா? கூட்டாம கொறைக்காம அப்படியே சொல்லு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், நான் என்ன சொன்னேன்?”

ரேடியோ நிஜமாகவே யோசித்தார். உதடு அசைந்தது. நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து, கீழே பார்த்து, கடைசியில் மெதுவாக ஆரம்பித்தார்.

“அதாண்ணே… ‘நடு ரோட்டுல நின்னுச்சுப்பா, திரும்பிச்சு, என்னை நேருக்கு நேரா பாத்துச்சு…’”

ஓட்டுநர் கையை விட்டுவிட்டார். அப்போது அவருக்கு வந்தது பாருங்கள், அதுதான் பொறாமை. ரேடியோமேல் இத்தனை நாள் பட்டதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த அம்மாவின் பைக்குள்ளே, நாலு நிமிடம், திக்கித் திக்கிப் பேசிக்கொண்டு போகிறானே ஒருத்தன், அவன் பட்டைநரியைப் பார்த்தவன்.